இறங்கும் இருக்கையும் எல்-1 விதியும்

அரசு நிதியில் இயங்கும் ஆய்வகத்துக்காக ஒரு முறையேனும் பொருள் வாங்கியவர்களுக்கு எல்-1 என்ற சொல் நன்கு பழக்கம். தொழில்நுட்பத் தகுதிச் சுற்றில் தேறிய விலைப்புள்ளிகளுள் மிகக் குறைந்த தொகையைக் குறித்ததே எல்-1. ஆணை அதற்கே போகும். 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் இந்த நடைமுறைக்கு அடிப்படை. வாங்கிய வெற்றிடப் பம்பு ஓராண்டில் பழுதாகி மூலையில் நிற்கும்போது ஆய்வு மாணவர்கள் ஏசுவது இந்த விதியைத்தான். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்பதை விவரக்குறிப்பில் முன்கூட்டியே எழுதும் உரிமையை விதி வாங்குபவரிடமே விட்டிருக்கிறது. உதிரிபாகம் ஐந்தாண்டுக்குக் கிடைக்க வேண்டும் என்று அங்கே எழுதாமல் விட்டால், எந்த விற்பனையாளரும் அதைத் தாமாக முன்வந்து தரப்போவதில்லை.

புனேயின் பாஷாண் பகுதியிலுள்ள ஒரு வேதியியல் ஆய்வகத்தில் கொள்முதல் கோப்புகளைக் கவனிக்கும் பொறுப்பு ஓர் ஆய்வு மாணவியிடம் இருந்தது. முனைவர் பட்டப் பணியின் ஐந்தாம் ஆண்டு. உதவித்தொகை முடிய ஒன்பது மாதங்களே எஞ்சியிருந்தன. பிறருக்காக எத்தனையோ விவரக்குறிப்புகளை எழுதிய அவர், தம் சொந்தப் பணத்தில் ஒரு பொருள் வாங்குவதற்காகவும் ஒரு விவரக்குறிப்பு எழுத நேர்ந்தது. அந்தப் பொருள், மவுண்டன் பைக்குக்கான டிராப்பர் சீட்போஸ்ட்.

இருக்கையைத் தாங்கும் தண்டுதான் சீட்போஸ்ட். சாதாரண சைக்கிளில் அது ஒரே உயரத்தில் இறுக்கப்பட்டிருக்கும். டிராப்பர் வகையில், ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் வழுக்கி இறங்கும். கைப்பிடியில் உள்ள லீவரை அழுத்தியபடி இருக்கையின்மேல் உட்கார்ந்தால் அது தாழும். எழுந்து நின்று மீண்டும் அழுத்தினால் உள்ளேயுள்ள சுருள்வில்லோ அழுத்தக் காற்றோ அதை மேலே தள்ளும். வண்டியை நிறுத்தாமல், கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல் இருக்கையின் உயரத்தை மாற்றலாம் என்பதே இதன் பயன்.

இந்தத் தேவை மலைச் சைக்கிளின் தொடக்கக் காலத்திலேயே உணரப்பட்டது. கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில் 1977-இல் மலைப்பாதைக்கென்றே சட்டகம் கட்டிய ஜோ பிரீஸ், 1980-களில் ஜோஷ் ஏஞ்சலுடன் சேர்ந்து ஹைட்-ரைட் என்ற எளிய வில்லை உருவாக்கினார். இருக்கையின் பிடிப்பைத் தளர்த்தினால் அந்த வில் இருக்கையைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். ஆனால் பிடிப்பைத் தளர்த்த ஒரு கை கீழே போகத்தான் வேண்டும். கைப்பிடியிலிருந்தே இயக்கும் தண்டுகள் 2000-களில் பரவத் தொடங்கின. 2010-இல் வந்த ராக்‌ஷாக்ஸ் ரிவெர்ப் அவற்றைப் பலரும் அறியச் செய்தது. 2022 மார்ச்சில் நடந்த மிலான்–சான் ரெமோ சாலைப் பந்தயத்தில், மத்தேய் மொஹோரிச் டிராப்பர் பொருத்திய வண்டியில் போஜ்ஜியோ குன்றின் வளைவுகளை இறங்கி முதலிடம் பெற்றபோது, மலையைப் பார்த்திராத சைக்கிளோட்டிகளும் இதைப் பற்றிப் பேசினார்கள்.

இருக்கை ஏன் தாழ வேண்டும் என்பதற்கு இயற்பியல் ஒரு நேரான விடை தருகிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது, மிதி அடியில் இருக்கையில் முழங்கால் ஏறத்தாழ நீண்டிருந்தால்தான் தசைகள் முழுத் திறனோடு வேலை செய்யும். அதற்கு இருக்கை உயரமாக இருக்க வேண்டும். இறக்கத்தில் அதே உயரம் உடலைப் பின்னுக்கும் கீழுக்கும் போகவிடாமல் தடுக்கிறது. முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து, ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்த நிறைமையம் 60 செ.மீ. பின்னாலும் 115 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்ளலாம். 20 பாகை சரிவில் பின்சக்கரம் தூக்காமல் பிடிக்கக்கூடிய பிரேக்கின் உச்ச வேகத்தளர்ச்சி, புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.15 பங்குதான். இருக்கையைத் தாழ்த்தி, நிறைமையத்தை 10 செ.மீ. பின்னும் 10 செ.மீ. கீழும் கொண்டுசென்றால் அது 0.28 பங்காகிறது. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வருபவர் நிற்பதற்கு முதல் நிலையில் ஏறத்தாழ 8.6 மீட்டர் வேண்டும். இரண்டாம் நிலையில் 4.5 மீட்டர் போதும். எதிரே திடீரென ஒரு பாறைப்படி தென்படும் பாதையில் இந்த நான்கு மீட்டர் சிறிய தொகை அன்று.

கணக்குக்கு ஒரு வரம்பும் உண்டு. சக்கரம் வழுக்காமல் பற்றினால்தான் இந்த எண்கள் செல்லும். புனே நகரத்துக்குள் நிற்கும் குன்றுகளில் உயர்ந்ததான வேதாள் டேக்டி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுடையது. அதன் பாதைகளில் பாதி பசால்ட் பாறை. மீதி, அப்பாறை சிதைந்து உதிர்ந்த சரளை. மராத்தியில் அதை முரூம் என்பார்கள். பாறைமீது முதல் கணக்கு பொருந்தும். முரூமில் வண்டி குப்புறக் கவிழ்வதற்கு முன்பே சக்கரம் சறுக்கிவிடும். அங்கே தாழ்ந்த இருக்கையின் பயன் வேறு: வண்டியை உடலுக்கடியில் பக்கவாட்டில் சாய்க்க இடம் கிடைக்கிறது, சறுக்கும் கணத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்றவும் முடிகிறது. 155 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இரண்டாவது பயன் முதலாவதைவிடப் பெரிது.

அந்த மாணவியின் உயரம் அதுதான். பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை, பாறைப்படி ஒன்றில் பின்சக்கரம் தூக்க, அவர் கைப்பிடியைத் தாண்டி விழுந்தார். எலும்பு முறியவில்லை. வலது மணிக்கட்டு சுளுக்கி மூன்று வாரம் கட்டுப்போட வேண்டியதாயிற்று. அந்த மூன்று வாரமும் குளோவ் பாக்ஸுக்குள் கைவிட முடியாததால், காற்றுப்படக் கூடாத வினையூக்கிகளைத் தயாரிக்கும் வேலை நின்றது. ஒன்பது மாதங்களில் மூன்று வாரம் என்பது எவ்வளவு என்று அவருக்கு யாரும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விழுந்த செய்தி பரவியதும் முதல் விலைப்புள்ளி வந்துசேர்ந்தது. சைக்கிள் ஓட்டுவதையே விட்டுவிடு என்பது அது. விதர்பாவின் ஒரு சிற்றூரிலிருந்து தாய் தொலைபேசியில் அதைச் சொன்னார். நெறியாளர் அதையே நயமாக, பட்டம் முடியும்வரை ஒத்திவைக்கலாமே என்றார். உடன் பணிபுரிவோர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். செலவு பூஜ்யம், ஆபத்தும் பூஜ்யம். எல்-1 விதியை அப்படியே கையாண்டால் வேறு எந்த விலைப்புள்ளியும் இதனோடு போட்டியிட முடியாது.

அவர் அதை இரண்டு நாள் கருதிப் பார்த்தார். கடந்த நான்கரை ஆண்டில் ஆய்வு முடிவுகள் தோற்ற காலங்களிலும், ஒரு கட்டுரை மூன்று ஆய்விதழ்களிலிருந்து திரும்பி வந்த பருவத்திலும், வாரத்தில் மூன்று காலைகள் குன்றின்மேல் இருந்ததால்தான் எட்டு மணிக்கு ஆய்வகக் கதவைத் திறக்க முடிந்தது என்பது அவருக்குத் தெரியும். அதை எந்தக் கோப்பிலும் பயன்பாட்டுச் சான்றிதழாக இணைக்க முடியாது. ஆயினும் அது உண்மை. எனவே ஒரு தாளை எடுத்து விவரக்குறிப்பின் முதல் வரியாக, ஓட்டுவது தொடர வேண்டும் என்று எழுதினார். அந்த ஒரு வரியால் பூஜ்ய விலைப்புள்ளி தகுதிச் சுற்றிலேயே விழுந்தது.

இரண்டாம் வரியை எழுதுவதற்கு முன் ஒரு மாதச் சோதனை நடந்தது. அவருடைய ஹார்டுடெயிலில் இருக்கையின் பிடிப்பு குவிக் ரிலீஸ் வகை. கருவியின்றிக் கையாலேயே தளர்த்தலாம். குன்றின் உச்சியில் நிறுத்தி, இருக்கையைத் தாழ்த்தி, இறங்கி, அடிவாரத்தில் மீண்டும் உயர்த்திப் பார்த்தார். ஒரே ஏற்றம், ஒரே இறக்கம் என்று அமைந்த பாதைக்கு இது முற்றிலும் போதும். டிராப்பர் தேவையே இல்லை. ஆனால் வேதாள் கோயிலுக்கும் பழைய கல்குவாரிக்கும் இடைப்பட்ட மேட்டுப்பகுதி அலையலையானது. அரைமணி நேரத்தில் பதினொரு முறை நிறுத்த நேர்ந்ததாகக் குறிப்பேட்டில் பதிந்தார். ஐந்தாவது முறைக்குப் பிறகு மனம் சலித்து, இருக்கையை மாற்றாமலேயே இறங்கிவிட்ட இடங்களையும் பதிந்தார். ஆபத்து அந்த இடங்களில்தான் இருந்தது. சோதனை தந்த முடிவு தெளிவு: நிறுத்தாமல் மாற்றும் வசதி அவருக்கு ஒப்பனைப் பொருள் அன்று.

அடுத்து பணம். தேசிய தகுதித் தேர்வு வழியாக உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலை ஆய்வாளருக்கு 42,000. தாளில் இது மோசமான தொகை அன்று. அது மாதந்தோறும் வருவதில்லை என்பதையும், வரும்போது அதில் ஒரு பகுதி தம்பியின் கல்லூரிக் கட்டணமாகப் போய்விடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கையிலிருப்பது எவ்வளவு என்று தெரியும். பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்பது அவருடைய இரண்டாம் வரி. அதற்குள்ளும் முன்னுரிமை ஒன்று இருந்தது. தலைக்கவசம், பிரேக் கட்டைகள், முன்டயர் ஆகிய மூன்றும் நல்ல நிலையில் இல்லாத வண்டிக்கு டிராப்பர் வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்குச் சுவரோவியம் வரைவதைப் போன்றது. தேய்ந்த முன்டயரை அவர் முதலில் மாற்றினார். மீதிப் பணம் சேர இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த இரண்டு மாதத்தில் அளவுகள் எடுக்கப்பட்டன. குறைந்த விலையில் டிராப்பர் தேடுவோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்லத் தகும்.

முதலாவது விட்டம். சட்டகத்தின் இருக்கைக் குழாயினுள் செல்லும் தண்டுக்கு 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் என்பவை பரவலான அளவுகள். புதிய விலையுயர்ந்த வண்டிகளில் 34.9-உம் உண்டு. பழைய தண்டின் அடியில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் வெர்னியர் காலிப்பர் சொல்லும். 30.9-க்கும் 31.6-க்கும் இடையிலுள்ள 0.7 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெரியது சிறிய குழாய்க்குள் நுழையாது, சிறியது பெரிய குழாயில் நிற்காது. சிறிய தண்டைச் சுற்றிப் பொருத்தும் உலோக உறையால் இடைவெளியை நிரப்பலாம். எதிர்த்திசையில் வழி கிடையாது. அவருடைய வண்டிக்கு 30.9.

இரண்டாவது, வெளியே தெரியும் நீளம். ஓட்டுவதற்குச் சரியான உயரத்தில் இருக்கையை வைத்து, சட்டகத்தின் பிடிப்பு வளையத்திலிருந்து இருக்கையின் அடிக்கம்பிகள்வரை அளக்க வேண்டும். ஒவ்வொரு டிராப்பருக்கும் இரண்டு எண்கள் உண்டு: அது இறங்கும் தொலைவு ஒன்று, முழுவதும் இறங்கிய பிறகும் வளையத்துக்கு மேலே நிற்கும் தலைப்பகுதியின் உயரம் மற்றொன்று. இவ்விரண்டின் கூட்டுத்தொகை, அளந்த நீளத்தைத் தாண்டக் கூடாது. உயரமானவர்களுக்கு இந்த நிபந்தனை எளிதில் நிறைவேறும். குறைந்த விலை வண்டிகள் சில அளவுகளிலேயே வருவதால், உயரம் குறைந்தவர்கள் தமக்குச் சற்றுப் பெரிய சட்டகத்திலேயே ஓட்டப் பழகியிருப்பார்கள். அவர்களுக்கு வெளியே தெரியும் தண்டு குட்டையாகத்தான் இருக்கும். அவர் அளந்தபோது கிடைத்தது 168 மி.மீ.

மூன்றாவது, உள்ளே போகும் ஆழம். குழாயின் உட்புறம் எவ்வளவு தூரம் வளைவோ திருகாணியோ இன்றி நேராக இருக்கிறது என்று ஒரு குச்சியை விட்டு அளக்கலாம். நான்காவது, கேபிள் செல்லும் வழி. சட்டகத்தின் உள்ளே கேபிளைக் கொண்டுசெல்லும் தண்டுகளுக்குச் சட்டகத்தில் துளை வேண்டும். அவருடைய வண்டியில் துளை இல்லை. துளையிட்டுத் தர ஆள் உண்டு என்று ஒருவர் சொன்னார். தகைவு எங்கே குவியும் என்று கல்வியில் படித்தவர் அதற்கு இணங்கவில்லை. கேபிள் வெளியே செல்லும் வகைதான் வேண்டும் என்பது விவரக்குறிப்பில் ஏறியது.

ஐந்தாவதும் கடைசியுமானது, உள்ளமைப்பு. எளிய வகையில் சுருள்வில்லும் பூட்டு முளையும் இருக்கும். குறிப்பிட்ட சில உயரங்களில் மட்டும் நிற்கும். வீட்டிலேயே பிரித்துத் துடைக்கலாம். மற்றொரு வகையில் அழுத்தக் காற்றும் எண்ணெயும் அடைத்து மூடிய கார்ட்ரிட்ஜ் இருக்கும். எந்த உயரத்திலும் நிற்கும். காலப்போக்கில் உள்ளே காற்றும் எண்ணெயும் கலந்தால், உட்கார்ந்ததும் இருக்கை மெத்தை போல அமிழத் தொடங்கும். அப்போது கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்றுவதே வழி. ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலை பற்றியது அன்று. கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா என்பது. இயக்கும் முறையிலும் இதே சிந்தனை பொருந்தும். எண்ணெய்க் குழாயால் இயங்குவதற்குக் காற்றகற்றும் கருவித் தொகுதி வேண்டும். கேபிளால் இயங்குவதற்கு, தெருமுனைக் கடையில் கிடைக்கும் கியர் கேபிள் போதும். கம்பியில்லா மின்னணுத் தண்டுகளும் வந்துவிட்டன. அவற்றின் விலை இந்த உரையாடலுக்குள் வராது.

இந்தத் தாள் கையிலிருந்த நிலையில்தான் ஒரு கவர்ச்சியான வாய்ப்பு வந்தது. அடுத்த ஆய்வகத்திலிருந்து முதுமுனைவர் பணிக்காக வெளிநாடு செல்லவிருந்தவர், தம் டிராப்பரை ஐந்தாயிரத்துக்குத் தர முன்வந்தார். அறியப்பட்ட தயாரிப்பு; விட்டம் 30.9; கேபிள் வெளியே; உள்ளமைப்பு நல்ல நிலையில். ஆனால் இறங்கும் தொலைவு 125 மி.மீ., தலைப்பகுதி 62 மி.மீ.; கூட்டினால் 187. அவருக்கு இருந்தது 168. முழுதும் உயர்த்தினால் இருக்கை 19 மி.மீ. அதிகம். எந்த உயரத்திலும் நிற்கும் தண்டுதானே, உச்சிக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழேயே நிறுத்திக்கொண்டால் ஆயிற்று என்றார் விற்பவர். பேச்சில் பிழையில்லை. ஆயினும் ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்தச் சரியான இடத்தை ஊகத்தால் கண்டுபிடிக்க வேண்டும்; ஊகம் மேலே போனால் இடுப்பு ஆடும், கீழே போனால் முழங்கால் வலிக்கும். நன்றி கூறி மறுத்தார். ஐந்தாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தாயிரம் ரூபாய்ப் பொருளை மறுப்பதற்கு ஒரு தாளில் எழுதிய இரண்டு எண்கள் துணைநின்றன. அவை இல்லாதிருந்தால் நட்பும் விலையும் சேர்ந்து வென்றிருக்கும்.

இணையத்தில் 5,500 ரூபாய்க்கு ஒன்று இருந்தது. அளவுகள் பொருந்தின, தயாரிப்பாளர் பெயர் எங்கும் இல்லை. உதிரிபாகம் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால் அனுப்புச் செலவும் சுங்கமும் சேர்ந்து வரம்பைத் தாண்டின. பழுதானால் திருப்பியனுப்பும் செலவும் தம்முடையதே. இந்தியக் கடையொன்றில் 100 மி.மீ. இறங்கும், 58 மி.மீ. தலைப்பகுதியுள்ள, கேபிளால் இயங்கும், கார்ட்ரிட்ஜ் தனியே விற்கப்படும் தண்டு 9,200 ரூபாய்க்கு இருந்தது. கூட்டுத்தொகை 158, பத்து மில்லிமீட்டர் மிச்சம். தகுதிச் சுற்றில் தேறியது அது ஒன்றே.

கொள்முதல் கோப்பு பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது வியப்பளிக்காது. ஒற்றை விலைப்புள்ளி என்றால் பெரும்பாலும் மறுடெண்டர். அவர் பதினைந்து நாள் பொறுத்தார். வேறொரு நகரத்துக் கடையில் அதே தண்டு 8,600-க்குக் கிடைத்தது. இரண்டு தகுதியுள்ள விலைப்புள்ளிகளுள் குறைந்தது எதுவோ அதற்கு ஆணை போயிற்று. எல்-1 விதி அதன் சரியான இடத்தில், கடைசிப் படியில், தன் வேலையைச் செய்தது.

பொருத்துவதற்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. புதிய டிராப்பர் மெதுவாக ஏறுகிறது, பாதியில் சிக்குகிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் பிடிப்பு வளையத்தை அளவுக்குமேல் முறுக்குவதுதான். வெளிக்குழாய் நசுங்கினால் உள்குழாய் வழுக்காது. 5 முதல் 6 நியூட்டன் மீட்டர்வரையிலான இறுக்கம் பொதுவாகப் போதும். தயாரிப்பாளர் தரும் எண்ணே இறுதி. முறுக்குவிசை காட்டும் ஸ்பானரை அவர் ஆய்வகத்திலிருந்து ஒரு மாலைக்குக் கடன் வாங்கினார். இருக்கையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஓரிரு மில்லிமீட்டர் அசைவு தெரியும். அது இவ்வகையின் இயல்பு. தாழ்ந்த நிலையில் இருக்கையைப் பிடித்து வண்டியைத் தூக்கினால் சில வகைகளில் கார்ட்ரிட்ஜுக்குள் காற்று நுழையும். ஆகையால் சட்டகத்தைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் வந்தது. ஜூன் மாதம் மழை இறங்கியதும் பின்சக்கரம் வாரியிறைக்கும் சேறு நேராகத் தண்டின் அடைப்பு வளையத்தில்தான் படும். பழைய டியூபிலிருந்து ஒரு பட்டையை வெட்டி இருக்கைக்கும் சட்டகத்துக்கும் இடையில் கட்டினால் பெரும்பகுதி தடுக்கப்படும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைப்பது அரைநிமிட வேலை.

டிராப்பர் அவரைத் திறமையான ஓட்டுநராக்கிவிடவில்லை. விழுந்த அந்தப் பாறைப்படியில் பல வாரம் அவர் இறங்கி நடந்தே சென்றார். காலைநடைக்கு வரும் முதியவர்களுக்கு வழிவிட்டு நிற்கும்போது இருக்கை தாழ்ந்திருப்பதால் இரண்டு காலும் தரையில் ஊன்ற முடிவதே, முதல் மாதத்தில் அவர் உணர்ந்த பெரிய மாற்றம். தண்டின் எடை பழையதைவிட முந்நூறு கிராமுக்கு மேல் கூடுதல். ஏற்றத்தில் அது தெரியவில்லை என்று சொல்ல அவர் ஒப்புவதில்லை. மணிக்கட்டு மழைநாட்களில் இன்னும் சற்று வலிக்கிறது. ஆய்வேட்டின் மூன்றாம் இயலும் நான்காம் இயலும் அந்தப் பருவத்தில் எழுதப்பட்டன.

இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்டவர்கள் உண்டு. மூன்று லட்ச ரூபாய்ப் பம்புக்கு அரைப்பக்க விவரக்குறிப்பு எழுதிக் கையொப்பமிடுகிற இடத்தில் இந்தக் கேள்வி எழுவது ஒரு வேடிக்கை. பிறர் பணத்தில் தவறினால் விதியை ஏசிவிட்டு நகரலாம். தம்பியின் கட்டணத்துக்குப் பிறகு மிஞ்சிய பணத்தில் அப்படி நகர முடியாது. மலிவு என்ற சொல் கடைக்காரரின் அட்டையில் எழுதப்படுவது. கட்டுப்படியாகும் என்ற சொல்லை வாங்குபவர் தம் உடலையும் வண்டியையும் வருமானத்தையும் அளந்துதான் எழுத முடியும். ஒருவருக்குக் கட்டுப்படியாவது இன்னொருவருக்கு ஆகாது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அதே குன்றில் ஓட்டும் இளைய மாணவர் ஒருவர் தேசிய தகுதித் தேர்வு வழியாக வராதவர். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அத்தகைய முனைவர் பட்ட மாணவர்களுக்கு 2012 முதல் மாதம் 8,000 ரூபாய்; மாநிலப் பல்கலைக்கழகங்களில் பலருக்கு அதுவும் இல்லை. 8,600 ரூபாய்த் தண்டை அவரிடம் பரிந்துரைப்பதில் பொருளில்லை. தம்மிடம் மீந்துபோன பழைய சீட்போஸ்ட்டையும் குவிக் ரிலீஸ் பிடிப்பையும் மாணவி அவருக்குக் கொடுத்தார். ஏற்றத்துக்கான உயரத்தில் ஒன்றும் இறக்கத்துக்கான உயரத்தில் ஒன்றுமாக, தண்டில் இரண்டு இடங்களில் மின்வேலைக்கான கறுப்பு டேப்பைச் சுற்றிக் கொள்ளச் சொன்னார். அலையலையான மேட்டைத் தவிர்த்து, ஒரே மூச்சில் ஏறி ஒரே மூச்சில் இறங்கும் பாஷாண் பக்கத்துப் பாதையையும் காட்டிக்கொடுத்தார். அந்தப் பாதையில் இரண்டு முறை நிறுத்தினால் போதும். டேப் சுருளின் விலை பத்து ரூபாய்.